கணவருக்குக் குடியுரிமை வந்துவிட்டது. குழந்தையின் விசா என்ன ஆகும்?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது 28. பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவர். 2024 ஆவணியில் அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தை அருமைக்காரர் நடத்தி வைத்தார், ஐயர் இல்லை. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்திருக்கிறார்கள். கணவர் நியூ ஜெர்சியில் வேலை. அப்போது கிரீன் கார்டு வைத்திருந்தவர், கல்யாணம் முடிந்த கையோடு மனைவிக்காக ஐ-130 என்ற, உறவினரை அழைத்துக்கொள்ளும் மனுவைப் போட்டார். மனு ஏற்கப்பட்டு என்விசி எனப்படும் தேசிய விசா மையத்தில் வரிசையில் நிற்கிறது. பத்து மாதப் பெண் குழந்தை இருக்கிறது. போன மாதம் கணவர் உறுதிமொழி எடுத்து அமெரிக்கக் குடிமகனாகிவிட்டார். "இனி வரிசை இல்லை, சீக்கிரம் கூப்பிட்டுவிடுவார்கள், குழந்தையும் என்னோடு வந்துவிடும்" என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்களாம்.

இவருடைய கவலைகள் வேறு. உறவில் கட்டியது தெரிந்தால் விசா மறுப்பார்களோ என்று பயம். அத்தை வேறு, "சொந்தம்னு மட்டும் சொல்லிப்போடாத அம்மணி" என்கிறார். நிச்சயம் முடிந்த சமயத்தில் ஒரு ஏஜென்ட் மூலம் சுற்றுலா விசாவுக்குப் போய்ச் சென்னையில் நிராகரிக்கப்பட்டது. அதைச் சொல்லத் தேவையில்லை என்கிறார் அதே ஏஜென்ட். இப்போது ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஜாயின்ட் அக்கவுண்ட் முதற்கொண்டு "ஃபைலைப் பலமாக்கி" தருவதாகவும் சொல்கிறாராம். சின்ன வயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் எனப்படும் குழந்தைப் பருவக் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. ஆங்கிலமும் சரளமாக வராது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பயப்படுகிற விஷயங்களில் பாதி பயப்பட வேண்டியவை அல்ல. நீங்கள் ஒரே வரியில் சந்தோஷமாகச் சொல்லிக் கடந்த விஷயம்தான் உடனே கவனிக்க வேண்டியது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் குழந்தை

கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவிக்காகப் போடும் மனு எஃப்2ஏ என்ற பிரிவில் வரும். அதில் மனைவியின் மனுவோடு 21 வயதுக்குட்பட்ட குழந்தையும் ஒட்டிக்கொண்டே போகலாம், தனி மனு வேண்டாம். மனு போட்ட பிறகு பிறந்த குழந்தையைக்கூடச் சேர்க்கலாம். கணவர் குடிமகன் ஆன நாளில் உங்கள் மனு "உடனடி உறவினர்" பிரிவுக்கு மாறிவிடுகிறது. இந்தப் பிரிவுக்கு ஆண்டு வரம்பு இல்லை, வரிசை இல்லை. அந்த வகையில் வீட்டார் சொல்வது சரி. ஆனால் இந்தப் பிரிவில் ஒருவர் மனுவில் இன்னொருவர் ஒட்டிக்கொள்ள முடியாது. ஆளுக்கொரு மனு. அதாவது உங்கள் மகளுக்கு இன்றைய தேதியில் எந்த மனுவும் இல்லை. கவனிக்காமல் விட்டால், நேர்காணலில் உங்களுக்கு விசா கிடைத்து, குழந்தைக்கு ஒன்றுமே இல்லை என்ற நிலைமை வரும்.

அப்பா அமெரிக்கக் குடிமகன் என்பதால் குழந்தையும் குடிமகள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. குழந்தை பிறந்த நாளில் அப்பா குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்கு முன் அவர் அமெரிக்காவில் வசித்த காலத்துக்கும் கணக்கு உண்டு. உங்கள் மகள் பிறந்தது உறுதிமொழிக்கு முன்பு. ஆகவே தூதரகத்தில் பிறப்பைப் பதிவுசெய்து அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கும் வழி உங்களுக்கு இல்லை. அவள் இந்தியக் குடிமகள், இந்திய பாஸ்போர்ட்டில் குடியேற்ற விசா வாங்கித்தான் போக வேண்டும். ஆறுதலான செய்தி: 18 வயதுக்குள் குடியேற்ற விசாவில் அங்கே போய் இறங்கி, குடிமகனான அப்பாவோடு வசிக்கத் தொடங்கினாலே அவள் சட்டப்படி குடிமகள் ஆகிவிடுவாள்.

கணவர் இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, மகளின் பெயரில் புதிய ஐ-130. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி இணையத்தில் போட்டால் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675. இரண்டு, குடியுரிமைச் சான்றிதழ் நகலை என்விசியின் இணைய விசாரணைப் படிவம் வழியாக அனுப்பி, உங்கள் வழக்கை மாற்றச் சொல்ல வேண்டும். தாமாகவே அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்தது, நீங்கள் முன்னால் போவதா, குழந்தைக்காகக் காத்திருப்பதா? அம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போய்வரலாமா என்று யோசிப்பீர்கள். போய் இறங்கி கிரீன் கார்டு வாங்கிய பிறகு இங்கே வந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் திரும்பும்போது கேள்வி வரும். ஓராண்டைத் தாண்டினால், மறுநுழைவு அனுமதி இல்லாமல் அந்தக் கார்டை வைத்துக்கொண்டு நுழைவதே சிக்கல். என் கருத்து, காத்திருங்கள். உங்கள் ஆவணங்களை அவசரப்பட்டு முழுமையாகச் சமர்ப்பிக்காமல், மகளின் மனு என்விசிக்கு வந்ததும் இரண்டையும் ஒரே நாளில் நேர்காணலுக்கு வைக்கும்படி எழுதிக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: என்விசியோடு ஓராண்டு முழுக்கத் தொடர்பே இல்லாமல் விட்டால் வழக்கை முடித்துவிட முடியும். சில மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் உள்நுழைவதையோ ஒரு வரி எழுதிக் கேட்பதையோ பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதில் ஒரு லாபமும் உண்டு. அமெரிக்காவில் கால் வைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால் சிஆர்-1, அதாவது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும், மறுபடி ஆதாரம், மறுபடி கட்டணம். இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால் ஐஆர்-1, பத்தாண்டுக் கார்டு. உங்களுக்கு 2026 ஆவணியில் இரண்டு ஆண்டு நிறைகிறது. விசாவில் சிஆர்-1 என்று அச்சாகியிருந்தாலும், நுழையும் நாளில் இரண்டு ஆண்டு கடந்திருந்தால் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியிடம் திருமணச் சான்றைக் காட்டி மாற்றச் சொல்லலாம்.

அத்தை மகன் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள். கேட்டால் மறைக்கவே கூடாது.

இந்து திருமணச் சட்டம் 1955-இல் அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் தடைசெய்யப்பட்ட உறவுப் பட்டியலில்தான் வருகிறார்கள். அதனால்தான் சிலர் பதறுகிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவு, இருவர் சமூகத்திலும் வழக்கம் அனுமதித்தால் தடை இல்லை என்கிறது. நம் பக்கம் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று காலங்காலமாக நடப்பது அந்த வழக்கம்தான். அருமைக்காரர் நடத்திய கல்யாணமும் செல்லும். 7-ஆவது பிரிவு, இரு தரப்பில் ஒரு தரப்பின் வழக்கமான சடங்குப்படி நடந்தால் போதும் என்கிறது. இன்ன சாதிப் புரோகிதர் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் பொதுவாகப் பார்ப்பது, கல்யாணம் நடந்த ஊரின் சட்டப்படி அது செல்லுமா என்பதை. கூடவே, தம்பதி வாழப்போகும் மாநிலத்தின் சட்டத்தையும் பார்ப்பார்கள். நியூ ஜெர்சியில் இத்தகைய திருமணத்துக்குத் தடை இல்லை. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் சட்டம் கடுமையானது. கணவர் வேலை மாறி அங்கே போகும் யோசனை இருந்தால், முதலில் அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். இன்னொன்று, தாய்மாமனைக் கட்டியவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் நிலைமை இதைவிடச் சிக்கலானது.

முன்னெச்சரிக்கையாக ஒரு தாள் தயார் செய்துகொள்ளுங்கள். இரு வீட்டுப் பெரியவர்கள் இருவர், எங்கள் சமூகத்தில் அத்தை மகன், மாமன் மகள் திருமணம் வழக்கம், எங்கள் குடும்பத்திலேயே இன்னார் இன்னார் அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரட்டும். ஆங்கிலத்தில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் கொடுங்கள்.

அத்தை சொல்வதைக் கேட்டு "தூரத்துச் சொந்தம்" என்று நீங்கள் சொன்னால் என்ன ஆகும்? உங்கள் பிறப்புச் சான்றில் அப்பாவின் பெற்றோர் பெயர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் இரு வீட்டுத் தாத்தா பாட்டி பெயரும் அச்சடித்திருப்பார்கள், இணைச்சீர் சடங்குப் படத்தில் யார் யார் எந்த முறையில் நிற்கிறார்கள் என்பதும் தெரியும். பொய் பிடிபட்டால், அனுமதிக்கப்பட்ட ஒரு உறவே அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவில் "முக்கியத் தகவலைத் திரித்தார்" என்ற ஆயுள் தடையாக மாறலாம். தடை நீங்க ஐ-601 என்ற விலக்கு மனு போட்டு, நீங்கள் வராவிட்டால் கணவருக்குக் கடும் துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் இவ்வளவும் இல்லை.

நிராகரிக்கப்பட்ட சுற்றுலா விசா

இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே உறுத்துகிற பகுதி. நிராகரிப்பு பிரச்சினை இல்லை. 214(பி) பிரிவில் மறுப்பது என்றால், திரும்பி வருவீர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை என்று பொருள். குடியேற்ற விசாவுக்கு அது தடையே அல்ல. இங்கே நீங்கள் திரும்பி வருவதாகச் சொல்லவே போவதில்லை. குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 படிவத்தில் முன்பு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதா என்று கேள்வி இருக்கிறது. "ஆம்" என்று எழுதி, ஆண்டையும் ஊரையும் சொல்லுங்கள். உங்கள் பத்து விரல் ரேகையும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. "இல்லை" என்று எழுதச் சொல்லும் ஏஜென்டுக்கு அது தெரியாதது அல்ல, மாட்டினால் மாட்டுவது நீங்கள்தானே.

கவலை வேறு இடத்தில். சுற்றுலா விசாவுக்கு அன்று நிரப்பிய டிஎஸ்-160 படிவத்தில், அமெரிக்காவில் நெருங்கிய உறவு உண்டா என்று ஒரு கேள்வி வரும். நிச்சயிக்கப்பட்டவரும் அந்தப் பட்டியலில் உண்டு. நீங்கள் போனது நிச்சயத்துக்குப் பிறகு. ஏஜென்ட் அங்கே என்ன போட்டார்? உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். அவரிடமிருந்தோ உங்கள் மின்னஞ்சலிலிருந்தோ அந்தப் படிவத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். "இல்லை" என்று போட்டிருந்தால், டிஎஸ்-260 அனுப்புவதற்கு முன் அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கணவர் ஒரு முறை ஆலோசனை கேட்கட்டும். செலவு செய்யத் தகுந்த இடம் இது ஒன்றுதான். நேர்காணலில் கேட்டால் படிவத்தை ஏஜென்ட் நிரப்பினார், நான் படித்துப் பார்க்கவில்லை, எனக்கு நிச்சயம் ஆகியிருந்தது உண்மை என்று நடந்ததைச் சொல்லுங்கள். படிக்காமல் ஒப்புக்கொண்டது முழுச் சாக்காகாது. ஆனால் அதன்மேல் இன்னொரு பொய்யை அடுக்குவதைவிட எவ்வளவோ மேல்.

ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் போகாதீர்கள். புதிதாகத் திறந்த ஜாயின்ட் அக்கவுண்ட்டும் தேதி பின்னால் போட்ட ரசீதுகளும் ஃபைலைப் பலமாக்காது, சந்தேகத்தைத்தான் கொண்டுவரும். உங்களிடம் பத்து மாதக் குழந்தை இருக்கிறது. அதற்கு மேல் கல்யாணப் படங்கள் பத்துப் பதினைந்து (மங்கல வாழ்த்து, இணைச்சீர், இரு வீட்டுப் பெற்றோரும் நிற்கும் படம்), அவர் வந்துபோன முத்திரைகள், மாதாமாதம் அனுப்பிய பணம், பிரசவ மருத்துவமனை பில், எல்ஐசி நாமினி இவை போதும். மொய் நோட்டு வேண்டாம்.

பெயரும் முன்னெழுத்தும்

உங்கள் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கட்டத்தில் பெயரும் முன்னெழுத்தும் சேர்ந்து, சர்நேம் கட்டம் காலி. உதாரணத்துக்கு ஒரு பெயரை வைத்துச் சொல்கிறேன்: "கோகிலவாணி எஸ்" என்று இருந்தால், அமெரிக்க விசாவில் சர்நேம் இடத்தில் "கோகிலவாணி எஸ்" ஏறும், கிவன் நேம் இடத்தில் "எஃப்என்யு" என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அதுவே கிரீன் கார்டில், அதைத் தொடர்ந்து ஓட்டுநர் உரிமத்தில், வங்கியில். அங்கே போய் மாற்றுவது அலைச்சல். டிஎஸ்-260 போடுவதற்கு முன் கோவை பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமாகச் சேர்த்துவிடுங்கள். மகளுக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதே சர்நேமோடு எடுங்கள். அவளுடைய பிறப்புச் சான்றில் அப்பா பெயர், அவருடைய குடியுரிமைச் சான்றில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் பிறப்புச் சான்றில் உங்கள் பெயரே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நகராட்சியில் பெயர் சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால் அந்தச் சான்றோடு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரமும் வையுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், இரு மொழியும் தெரியும், சரியாகப் பெயர்த்திருக்கிறேன் என்ற மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்று பாஸ்போர்ட் சேவா மையத்தில்தான் வாங்க வேண்டும், உள்ளூர்க் காவல்நிலையத்தில் தரும் தாள் ஏற்கப்படாது. பாஸ்போர்ட்டை மாற்றிய பிறகு வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு தடவை அலைய வேண்டும்.

பணப் பக்கம் கணவருடையது. உங்களுக்கு விசா கட்டணம் 325 டாலர், ஆதரவு உறுதிமொழிக்கு 120. அந்த உறுதிமொழிக்கான ஐ-864 படிவத்தில் அவர் வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 125 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. 2025 அளவுப்படி மூன்று பேர் குடும்பத்துக்கு அது சுமார் 33,312 டாலர். ஆண்டுதோறும் மாறும். வரித் தாக்கலுக்கு நகல் எடுப்பதைவிட அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் தரும் டிரான்ஸ்கிரிப்ட் எடுப்பது சுலபம்.

மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும்

தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது. சென்னையில் என்று நினைத்து டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், கடிதத்தில் வரும் ஊரைப் பாருங்கள். மருத்துவப் பரிசோதனை அமெரிக்கத் தூதரகப் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும்தான். கோவையில் எவ்வளவு பெரிய மருத்துவமனையில் எடுத்தாலும் செல்லாது.

பிரைமரி காம்ப்ளெக்ஸுக்கு மருந்து சாப்பிட்டதை அந்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய சீட்டு இருந்தால் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் எந்த வயதில், எத்தனை மாதம் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மார்பு எக்ஸ்ரேயில் தழும்பு போல ஏதாவது தெரிந்தால் மூன்று நாள் சளி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர எட்டு வாரம் ஆகும். நேர்காணல் தேதி வந்ததும் முதல் வேலையாகப் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அதே சமயம் தேதி வருவதற்கு முன்னால் எடுத்துவிடவும் வேண்டாம், பெரும்பாலும் ஆறு மாதத்தில் காலாவதியாகும், விசாவின் ஆயுளும் அதோடு சேர்ந்தே குறையும். குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தடுப்பூசிக்குச் சான்று இல்லாவிட்டால் அங்கேயே போடுவார்கள்.

நேர்காணல் நாளில் கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்றுதான் பேச வேண்டியிருக்கும். வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதி எடுக்கச் சொல்வார்கள். கணவர் என்ன வேலை, எந்த ஊர், யாரோடு தங்கியிருக்கிறார், கல்யாணம் எப்படி முடிவானது, எத்தனை முறை வந்தார், முன்பு ஏன் விசா மறுத்தார்கள் என்று சாதாரணக் கேள்விகள்தான். இது ஆங்கிலத் தேர்வு அல்ல. புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். யாரோ எழுதிக்கொடுத்த ஆங்கில விடைகளை மனப்பாடம் செய்து போகாதீர்கள். கேள்வி கொஞ்சம் மாறினால் தடுமாறுவீர்கள், அந்தத் தடுமாற்றம்தான் தப்பாகத் தெரியும். கணவர் கூட வர வேண்டிய கட்டாயம் இல்லை. வருவதாக இருந்தால், குடிமகனான பிறகு பழைய இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது என்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள். அதை ஒப்படைத்துவிட்டு அமெரிக்க பாஸ்போர்ட்டில் இ-விசாவோ, ஓசிஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர் அட்டையோ எடுத்துத்தான் வர வேண்டும்.

முடிவில் 221(ஜி) என்று ஒரு சீட்டுக் கொடுத்தால் அது கடைசி வார்த்தை அல்ல. ஏதோ ஒரு ஆவணம் குறைகிறது, அல்லது கூடுதல் சரிபார்ப்பு பாக்கி என்று பொருள். கேட்ட தாளைச் சொன்ன வழியில் அனுப்புங்கள். அதுவரை வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுப்பதோ, வீட்டுச் சாமானை விற்பதோ, பயணச்சீட்டு எடுப்பதோ வேண்டாம். விசா ஒட்டிய பாஸ்போர்ட், உங்களுடையதும் குழந்தையுடையதும் இரண்டும், கைக்கு வந்த பிறகு அதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.